இணை சேரும் பருவத்தில் மான்களுக்குக் காவல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில், அமிர்தி காட்டை ஒட்டி நிலம் வைத்துப் பயிர் செய்து வருபவன் நான். சில ஆண்டுகளாக எங்கள் பகுதி இளைஞர்களின் கைப்பேசிகளில் ஒரு வகைக் காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் வாழும் ரோ மான் என்ற சிறு மானை, அது இணை தேடி அலையும் பருவத்தில், பெட்டையின் குரலைப் போல ஊதி வரவழைத்துச் சுடும் காட்சிகள் அவை. பார்த்துவிட்டுக் கடந்து போயிருந்தால் இக்கடிதத்துக்குத் தேவை இருந்திருக்காது. ஆனால், வெள்ளைக்காரன் பகலிலேயே துப்பாக்கியோடு போய்ச் சுடுகிறான், அங்கே அது கௌரவமான பொழுதுபோக்கு, இங்கே ஒரு மானைத் தொட்டால் சிறையா என்ற பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் காட்டுப் புள்ளிமான்கள் இணை சேரும் கோடைக்காலமும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே, அந்த நாடுகளில் உண்மையில் நடப்பது என்ன, நம் காட்டில் அதே பருவம் எப்படிப்பட்டது, அந்தச் சில மாதங்களுக்கு வனத்துறையும் ஊர்மக்களும் செய்ய வேண்டியது என்ன என்பவற்றைத் தங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறேன்.

ரோ மான் ஒரு பெரிய வெள்ளாட்டின் அளவே இருக்கும். நன்கு வளர்ந்த ஆணும் பெரும்பாலும் 20 முதல் 30 கிலோ வரைதான். இளவேனிலிலேயே ஒவ்வொரு ஆணும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, மரக்கன்றுகளில் கொம்பைத் தேய்த்தும் குளம்பால் மண்ணைச் சுரண்டியும் அடையாளம் வைக்கிறது. சூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடு வரை அதன் இணை சேரும் பருவம். அந்த நாள்களில் ஆண் மான் பெட்டையை வட்டவட்டமாகத் துரத்திச் செல்வதால், புல்வெளியிலும் தானிய வயலிலும் ஒரு மரத்தையோ புதரையோ சுற்றி வளையம் போலத் தடம் விழுந்துவிடும். இன்னொரு வியப்பும் உண்டு. ஆகஸ்டில் கருவுற்றாலும், கரு உடனே கருப்பையில் ஒட்டி வளர்வதில்லை. ஏறத்தாழ ஐந்து மாதம் அப்படியே தங்கியிருந்து, திசம்பர் இறுதியிலோ சனவரியிலோதான் ஒட்டிக்கொள்கிறது. அதனால் குட்டிகள் கடுங்குளிரில் பிறக்காமல், மே, சூன் மாதங்களில், புல் தழைக்கும் காலத்தில், பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பிறக்கின்றன. குளம்புள்ள பாலூட்டிகளில் மான் இனத்திலும் அதை ஒத்த இனங்களிலும் இந்த ஏற்பாடு ரோ மானுக்கு மட்டுமே வாய்த்தது என்று விலங்கியலார் சொல்கின்றனர்.

இப்பருவத்தில் வேட்டைக்காரர் விடியலுக்கு முன்பே காட்டுக்குள் போய், காற்று தம் முகத்தில் அடிக்கும்படி நின்று, மெல்ல மெல்ல நகர்ந்து மானை நெருங்குவர். ஜெர்மனியில் பீச் மரத்தின் இலையை உதட்டில் வைத்து ஊதி, பெட்டை எழுப்பும் கீச்சுக் குரலை உண்டாக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இப்போது அதற்கென்று ஊதல்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. குரல் கேட்டதும், மற்ற நாள்களில் நிழலுக்கும் மிரளும் ஆண் மான் அச்சத்தை மறந்து வெட்டவெளிக்கு ஓடி வருகிறது. காணொளியில் நம் பிள்ளைகள் பார்ப்பது இந்த ஒரு நிமிடத்தைத்தான். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

அங்கே ஓநாயும் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் பிரிட்டன் போன்ற நாடுகளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயின. தம்மைத் தின்னும் விலங்கு இல்லாததால் மான்கள் பெருகி, நட்ட மரக்கன்றுகளின் குருத்தைக் கடித்துத் தீர்க்கின்றன, சாலைகளில் வாகனங்களோடு மோதுகின்றன. ஆகவே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கச் சுட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம், அந்நிலத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அப்படிச் சுடுவதற்கும் அவர்கள் எத்தனை வேலி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியில் தேர்வு எழுதித் தேறாதவர் வேட்டை உரிமம் பெற முடியாது. இங்கிலாந்தில் ஆண் ரோ மானை ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையும், பெட்டையை நவம்பர் 1 முதல் மார்ச்சு 31 வரையும் மட்டுமே சுடலாம். குட்டி பால் குடிக்கும் மாதங்களில் தாயைத் தொடக் கூடாது என்பதே இந்தப் பிரிவினையின் நோக்கம். மான்கள் மிகப் பெருகிவிட்டன என்று சொல்லி 2023இல் ஆண் மான்களுக்கான தடைக்காலத்தை நீக்கிய ஸ்காட்லாந்தும் பெட்டைகளுக்கான தடைக்காலத்தை முழுவதுமாக எடுத்துவிடவில்லை.

இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டத்தை நம் டீக்கடை வழக்குரைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னும், உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னும், சிறப்பு அனுமதி இல்லாமல் மானைச் சுடுவது அந்தச் சட்டப்படி குற்றம். ஓடும் வாகனத்திலிருந்து சுடுவது குற்றம். கண்ணி வைப்பது குற்றம், பொறி வைப்பது குற்றம், நஞ்சு வைப்பது குற்றம். மானைச் சுட எந்தத் துப்பாக்கி, எவ்வளவு திறனுள்ள தோட்டா என்று கூட வரையறுத்திருக்கிறார்கள், குறி தப்பிக் காயத்தோடு ஓடிய மான் புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகக் கூடாது என்பதற்காக. எங்கள் அடிவாரத்தில் நடப்பது என்ன? இரவு பத்து மணிக்கு மேல், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருசக்கர வாகனத்தில் போய், பால்ரஸ் குண்டு அடைத்த நாட்டுத் துப்பாக்கியால், விளக்கொளியில் மினுங்கும் இரண்டு கண்களைப் பார்த்துச் சுடுகிறார்கள். துப்பாக்கி இல்லாதவர்கள் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். வெள்ளைக்காரனை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் செய்யும் ஒவ்வொரு செயலும் அந்த வெள்ளைக்காரன் ஊரிலும் சிறைக்கு அனுப்பக் கூடியதே.

நம் நாட்டில் சட்டம் இன்னும் தெளிவானது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது, உரிமம் பெற்றுச் சில விலங்குகளை வேட்டையாட இடம் இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலை அடைத்துவிட்டது. புள்ளிமானோ கடமானோ கேளையாடோ சருகுமானோ, எதைக் கொல்வதும் பிடிப்பதும் கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதும் கூட, வேட்டை என்றே சட்டம் கொள்கிறது. இறைச்சியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமே. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்ச வரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. வேட்டைக்குக் கொண்டுபோன வண்டி அரசுடைமை ஆகிவிடும் என்பதைத் தவணையில் வண்டி வாங்கி ஓட்டும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் எடுத்துச் சொன்னாலே பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள்.

இனி நம் காட்டுக்கு வருகிறேன். புள்ளிமான்களில் எல்லா ஆண்களும் ஒரே சமயத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும்போதே பக்கத்தில் இன்னொன்று தோல் மூடிய இளங்கொம்போடு மேய்வதைக் காணலாம். ஆனாலும் தென்னிந்தியக் காடுகளில் கோடையில்தான், மார்ச்சு, ஏப்ரல் தொடங்கி சூன் வரை, முற்றிய கொம்புள்ள ஆண்கள் மிகுதியாக இருக்கும். இணை சேர்வதும் அப்போதே உச்சத்தை எட்டும். கழுத்து தடித்து, ரோமம் கருத்து, ஆண் மான் வேறொரு விலங்கு போலவே ஆகிவிடும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று தாழ்ந்த கிளைகளைக் கொம்பால் கலைக்கும், கண்ணோரச் சுரப்பியைச் சுள்ளிகளில் தேய்க்கும், புல்லையும் கொடியையும் கொம்பில் சுற்றிக்கொண்டு நடக்கும். விடியற்காலையில் அது எழுப்பும் கரகரத்த உரத்த குரல், மலைச்சரிவில் பட்டு எங்கள் களம் வரை கேட்கும். காட்டில் ஆள் நடமாட்டத்தைக் கண்டு எச்சரிக்கும் கூரிய குரல் வேறு, இது வேறு. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். துரதிர்ஷ்டவசமாக, துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் முடியும். எந்த ஓடைப் பக்கம் ஆண் மான் நிற்கிறது என்று காலையில் காதால் குறித்துக்கொண்டு, இரவில் அங்கே போய்விடுகிறான்.

ரோ மானுக்கும் புள்ளிமானுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஐரோப்பாவில் அந்தப் பருவம் புல்லும் தழையும் மண்டிய முழுக் கோடையில், உண்டு கொழுத்த உடம்போடு வருகிறது. வேலூரில் அது பட்டினிக் காலத்தில் வருகிறது. சித்திரையில் எங்கள் காட்டில் பச்சை என்று சொல்ல ஓடைக்கரை மரங்களைத் தவிர எதுவும் இருக்காது. வெயில் 40 பாகையைத் தாண்டும். ஓடையில் தேங்கிய குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். அந்த நேரத்தில்தான் 70 முதல் 90 கிலோ எடையுள்ள ஆண் மான், மேய்ச்சலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, மந்தை விட்டு மந்தை மாறி, பருவத்தில் இருக்கும் பெட்டையைத் தேடிக் காத தூரம் அலைகிறது. உடம்பு வற்றுகிறது, தாகம் மிகுகிறது, எச்சரிக்கை உணர்வு மங்குகிறது. சனவரிக்குப் பின் பிறந்த குட்டிகள் அப்போது தாயோடுதான் திரிகின்றன. ஏழரை மாதம் சுமந்து ஒரு முறைக்கு ஒரே ஒரு குட்டியை ஈனும் இனம் இது. இருட்டில் மினுங்கும் கண்ணைப் பார்த்துச் சுடுபவனுக்குக் கொம்புள்ளதா, பால் கொடுப்பதா, சினையா என்று எப்படித் தெரியும்? ஓர் ஆண் போனால் இன்னோர் ஆண் வந்துவிடும், இனம் அழியாது என்று வாதாடுபவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

கண்ணியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சென்ற கோடையில் எங்கள் நிலக்கடலைக் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவிலுள்ள முள்வேலிச் சந்தில் ஓர் ஆண் மான் செத்துக் கிடந்தது. இருசக்கர வண்டியின் கிளட்ச் கம்பியை முறுக்கிச் சுருக்குப் போட்டு, ஒரு வேம்பின் வேரில் கட்டியிருந்தார்கள். பருவத்தில் தடித்திருந்த கழுத்து என்பதால் சுருக்கு இறங்கி உள்ளே புதைந்து, ரோமத்துக்கு அடியில் கம்பி கண்ணுக்கே தெரியவில்லை, விரலால் தடவித்தான் அறிய முடிந்தது. வேரைச் சுற்றிக் கம்பியின் நீளத்துக்கு மண் முழுவதும் குளம்பால் உழப்பட்டு, ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. கம்பி உராய்ந்த இடத்தில் வேரின் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. கொம்பின் ஒரு கிளை நுனி ஒடிந்திருந்தது, மற்றொன்றில் காய்ந்த அறுகம்புல் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணி வைத்தவனுக்கு அது கிடைக்கவும் இல்லை. ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சி அவன் வரவே இல்லை போலும். காலையிலேயே தகவல் சொல்லியும் உரிய பணியாளர் வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. வந்த காவலர் மீது எனக்குக் குறையில்லை. அவர் ஒருவரே பல காவல் பகுதிகளைப் பார்த்துக்கொள்கிறார், அன்று காலையில் மலையின் மறுபக்கத்தில் தீ அணைத்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் என் முதல் கோரிக்கை பிறக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடக்கும் ரோந்தை, மார்ச்சு முதல் சூன் வரை மான்களின் நடமாட்டத்துக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும். ஒடுகத்தூர், வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு வனச்சரகங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களை அந்த நான்கு மாதங்களுக்கேனும் கூடுதலாக அமர்த்தி, இரவு ஒன்பது மணி முதல் விடியும் வரை காட்டோரத் தடங்களில் நிறுத்தினால் போதும். காட்டின் நடுவில் சுற்றுவதை விட, காடும் கொல்லையும் சேரும் விளிம்பில் நடப்பதே பயன் தரும். வேட்டைக்காரன் வண்டியை நிறுத்துவதும் கண்ணி வைப்பதும் அந்த விளிம்பில்தான். பகலில் ஒரு முறை வேலிச் சந்துகளை எல்லாம் நடந்து பார்த்துக் கம்பிகளை அகற்றும் வேலையை ஊர் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு செய்யலாம். வர மனமுள்ளவர்கள் எங்கள் ஊரிலேயே பலர் இருக்கிறார்கள்.

வேட்டைத் தடுப்புப் பணிக்கு ஆள் எடுக்கும்போது பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளின் மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். வேட்டை என்றாலே மலைமக்கள் மீது பழியைப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். நாட்டுத் துப்பாக்கிகள் மலையில் புழங்கியது உண்மை, அவற்றை ஒப்படைக்கும்படி காவல் துறை விடுக்கும் அழைப்பை ஏற்றுப் பலர் ஒப்படைத்திருப்பதும் உண்மை. ஆனால் இறைச்சிக்கு விலை பேசுகிறவர்கள் சமவெளியில் இருக்கிறார்கள். கிடா வெட்டு விருந்தில் மான் கறியும் உண்டு என்று பெருமையடிக்கும் வசதி படைத்தவர்கள் முன்பணம் கொடுப்பதால்தான் துப்பாக்கி இரவில் எழுகிறது. பிடிபடுபவன் கூலிக்குப் போனவன், தப்பி விடுபவன் வாங்கித் தின்றவன் என்ற நிலை மாற வேண்டும். ஒரு வழக்கிலாவது வாங்கியவரும் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டால், அந்தச் செய்தியைத் தங்கள் நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றி வனத்துறையினரிடம் ஒரு வேண்டுகோள். கோடையில் காட்டுக்குள் தொட்டி கட்டி டிராக்டரில் தண்ணீர் நிரப்புவது நல்ல பணி, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வண்டி போக வசதியாக இருக்கிறது என்பதற்காகச் சில தொட்டிகளைச் சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும் இடத்தில் கட்டியிருக்கிறார்கள். தாகத்தோடு வரும் மானுக்குத் தொட்டி எங்கே என்று தெரிவது போலவே, பதுங்கி இருப்பவனுக்கும் தெரியும். சாலையிலிருந்து தள்ளி, ஓடைப் படுகையில், சூரிய மின்சக்தியில் இயங்கும் ஆழ்துளைக் கிணற்றோடு தொட்டி அமைத்தால் வண்டியும் தேவைப்படாது, காவலும் எளிது. ஒரே பெரிய தொட்டிக்குப் பதிலாக, குட்டி மானும் எட்டிக் குடிக்கும்படி சரிவான கரை வைத்த சிறு தொட்டிகள் பல இருப்பது மேல்.

துப்பாக்கியும் கண்ணியும் இல்லாமலே கோடையில் சாகும் மான்கள் ஏராளம். தண்ணீர் தேடி இறங்கும் மானை ஊர் நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றன. பெட்டையைத் துரத்திக்கொண்டோ, எதிரி ஆணுக்குத் தப்பியோ ஓடி வரும் மான், கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணற்றில் விழுகிறது. காட்டை ஒட்டிய ஊராட்சிகளில் பாழடைந்த கிணறுகளைக் கணக்கெடுத்து, சுற்றுச்சுவர் எழுப்பவோ மூடவோ ஊரக வேலைத் திட்டத்தில் நிதி ஒதுக்கினால் மாடும் மனிதரும் சேர்த்தே காப்பாற்றப்படுவர். நாய்களுக்குக் கருத்தடை செய்வதை நகராட்சி எல்லையோடு நிறுத்திவிடாமல், காட்டோர ஊராட்சிகளிலும் செய்ய வேண்டும்.

நாயிடமிருந்து மீட்ட மான் அரை நாளில் செத்துப்போவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கடிவாய் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் உயிர் அச்சத்தில் ஓடிய ஓட்டத்தில் தசை உள்ளேயே சிதைந்து, அந்த நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதித்துவிடுகிறது. அப்படிப்பட்ட மானைச் சுற்றிக் கூட்டமாக நின்று படம் எடுப்பதும், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும், தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதும் அதைக் கொல்வதற்குச் சமம். கண்ணைத் துணியால் மூடி, நிழலில் கிடத்தி, நாய்களையும் ஆட்களையும் விலக்கிவிட்டு, சத்தமில்லாமல் வனத்துறையினருக்காகக் காத்திருப்பதே செய்யக் கூடியது. இதை ஒவ்வொரு காட்டோரப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அமிர்தி உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் வேலிக்கு உள்ளே நிற்கும் புள்ளிமானைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் வரும் கூட்டத்துக்காக, அந்த வேலியின் அருகே, கொம்பு வளர்வதையும் உதிர்வதையும், இணை சேரும் பருவத்தையும், காயம்பட்ட மானிடம் நடந்துகொள்ளும் முறையையும் விளக்கும் ஒரு பலகையை வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

விவசாயியாக இருந்துகொண்டு மானுக்காகப் பரிந்து பேசுகிறாயே, உன் பயிரை மேயவில்லையா என்று என் அண்டை வீட்டாரே கேட்கிறார்கள். மேய்கிறது. நிலக்கடலைத் தழையையும் இளம் பயிரையும் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். பயிர்ச் சேதத்துக்கு அரசு இழப்பீடு தருகிறது, ஆனால் விண்ணப்பம் கொடுத்து, பார்வையிட்டு, பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த பட்டம் வந்துவிடுகிறது. இழப்பீடு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் கள்ள மின்வேலிக்கும் கண்ணிக்கும் ஆதரவு கூடுகிறது என்பதை அதிகாரிகள் உணர வேண்டும். காட்டுப்பன்றிக்கு என்று சொல்லித்தான் கம்பி வைக்கிறார்கள், மாட்டுவது மான். பன்றிச் சிக்கலுக்கு அரசு தனி வழிமுறை வகுத்திருக்கிறது, காப்புக்காட்டிலிருந்து வெகு தொலைவு வந்துவிட்ட பன்றிகளை வனத்துறையினரே சுட அதில் இடமுண்டு. சோலார் வேலி வேண்டுவோர் பதிவு செய்து முறைப்படி அமைத்துக்கொள்ளவும் விதிகள் இருக்கின்றன. சிறு விவசாயிக்கு அந்த வேலிக்கான மானியம் எளிதாகக் கிடைத்தால், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி மானையும் மாட்டையும் சில நேரம் மனிதரையும் கொல்லும் கொடுமை குறையும்.

மான் குறைந்தால் யாருக்கு இழப்பு என்று கேட்பவர்கள் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆட்டுப்பட்டிகளைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் காடுகளில் சிறுத்தை இருக்கிறது. அதன் இயல்பான இரை மானும் பன்றியும்தான். காட்டில் இரை இல்லாத சிறுத்தை ஊருக்குள் நாயையும் ஆட்டையும் தேடி வருகிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் மானைத் தின்ன விலங்கு இல்லாததால் மனிதன் துப்பாக்கி எடுக்கிறான். இங்கே மானைத் தின்ன விலங்கு இருக்கும்போதே நாம் அதன் வாயிலிருந்து பறித்துக்கொண்டு, பிறகு அது வீட்டு வாசலுக்கு வந்தால் கூண்டு வைக்கச் சொல்லி மறியல் செய்கிறோம்.

இக்கோரிக்கைகளை மனுவாக எழுதி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்து நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அளிக்க இருக்கிறேன். பங்குனி பிறப்பதற்குள் கோடைக்கான ரோந்துத் திட்டம் அறிவிக்கப்பட வேண்டும் என்பதே அதில் முதலாவது. ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் காட்டை ஒட்டிப் பயிர் செய்யும் விவசாயிகள் தத்தம் ஊரில் சுவரில்லாத கிணறுகள், கண்ணி வைக்கப்படும் வேலிச் சந்துகள், இழப்பீடு நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு வருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக அழைக்கிறேன். எங்கள் ஊர்க் கிணறுகளின் பட்டியலை நான் ஏற்கெனவே தொகுக்கத் தொடங்கிவிட்டேன், அதை மனுவோடு இணைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.